மரத்துக்குப் போட்ட ஊசி

சிட்னித் துறைமுகத்தின் கானட் பே கரையில் மூன்று குழந்தைகளோடு நடக்கக் கிளம்பினால் நடப்பதுதான் கடைசி வேலை. முதலில் தொப்பி, பிறகு வெயில் களிம்பு, பிறகு தண்ணீர்ப் புட்டி, பிறகு மூத்திரம். எனக்கு வரவே இல்லை என்று அடம்பிடித்தவனுக்கு இரண்டு மாடிப் படியும் இறங்கி முடித்ததும் மறுபடி மூத்திரம். பதினோரு வருஷமாக இதுதான் என் காலை. அலுத்துக்கொண்டதுண்டு, வெறுத்ததில்லை. அதனால்தான் இப்போது நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் நோலீன். அடுத்தவர்கள் பெற்ற பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஏழரை மணிப் படகைப் பிடித்து நகரத்துக்கு ஓடுகிற அப்பா அம்மாக்கள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, முத்தத்தைக் காற்றில் விட்டுவிட்டு ஓடுவார்கள். இந்த வருஷம் மூன்று பேர். டல்லிக்கு நாலரை வயது. பிப்ரவரியில் பள்ளிக்கூடம் போகப்போகிறவள், ஊர் நியாயம் முழுக்க அவள் தலையில்தான். ஆர்லோவுக்கு மூன்று வயது. எதையும் நக்கிப் பார்க்காமல் நம்பமாட்டான். மேவுக்கு ஒன்றரை. தள்ளுவண்டியில் உட்கார்ந்து எல்லாரையும் அதிகாரம் செய்வாள்.

என் வீட்டுக்கு முற்றம் கிடையாது. பால்கனியில் துணி காயப்போடும் கம்பியை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள், குழந்தைகள் வெளியில் விளையாட இடம் எங்கே என்று படிவத்தில் கேட்பார்கள். 'கரைப் பாதை, அத்தி மரத்தடி' என்று எழுதினேன். பார்வையிட வந்த பெண்மணி மரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றாள். வெளியே கல் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. "இந்த நெழல் இருக்கிற வரைக்கும் ஒங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சிட்னி வெயிலில் நிழல் இல்லாத இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனால் சட்டமும் விடாது, என் மனசும் விடாது. ஆக, அந்த மரம் இருந்தால்தான் என் பிழைப்பும் இருக்கும்.

படகுத்துறையில் ஆரம்பித்துப் பாறையை ஒட்டியே போகும் பாதை அது. பெரியவர்களுக்குப் பத்து நிமிஷம், எங்களுக்கு ஒரு மணி நேரம். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை எண்ண வேண்டும். இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் கையாட்ட வேண்டும், ஓட்டுகிறவர் ஒலி எழுப்பாவிட்டால் அவரைத் திட்ட வேண்டும். ரொட்டியைப் பறிக்க வரும் குப்பைக் கோழியை, அதாவது அந்த நீள மூக்குக் கொக்கை, விரட்ட வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில் மரம். அதன் வேர்கள் இடுப்பளவுக்குச் சுவர் மாதிரி எழும்பியிருக்கும். ஒரு வேரிடுக்கு சமையலறை, ஒன்று பேருந்து, ஒன்று ஆர்லோவை அடைத்துவைக்கும் ஜெயில். அங்கேதான் பத்து மணிக்கு வெஜிமைட் என்கிற உப்புக் களிம்பு தடவிய ரொட்டியும் தர்பூசணியும்.

மரத்துக்கு மேலே மேட்டில் வாரிக் ஸ்டாண்டனின் வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார். கரையைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வலது பக்கம் நின்றால் துறைமுகப் பாலம் தெரியும், இடது பக்கம் நின்றால் எங்கள் மரம்தான் தெரியும். விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பாதிப் பாலந்தான் வாங்கியிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்த மடச்சிகளில் நானும் ஒருத்தி.

இனி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்கு 'தயவுசெய்து', 'நன்றி' இரண்டையும் பழக்கிய கையோடு நாங்கள் பழக்குவது, 'போட்டுக்கொடுக்காதே'. இன்னொருத்தன் செய்ததைப் போய்ச் சொல்லக் கூடாது. ஆசிரியரிடம் கூடாது, போலீஸிடம் கூடாது, முதலாளியிடம் கூடவே கூடாது. திருடனைக்கூட மன்னிப்பார்கள், போட்டுக்கொடுத்தவனை நாற்பது வருஷம் கழித்தும் மதுக்கடையில் காட்டிப் பேசுவார்கள். என் அம்மா எனக்குச் சொன்னாள், நான் என் கையில் வளர்ந்த முப்பது நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பத்தேழு டிகிரி போகும் என்று வானொலியில் சொன்னார்கள். வெயில் ஏறுமுன் போய்வந்துவிடலாம் என்று எட்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். அன்று டல்லிக்கு என்ன பிடித்திருந்ததோ, வீட்டிலிருந்து ஆர்லோவின் குற்றப்பத்திரிகைதான்.

"நோலி, ஆர்லோ தொப்பியக் கழட்டிட்டான்."

"நோலி, ஆர்லோ கம்பிய நக்குறான்."

"நோலி, ஆர்லோ அந்த நாயப் பாத்து நாக்க நீட்டினான்."

"அந்த நாய் போய் அவங்க அம்மாகிட்ட சொல்லட்டும். நீ சும்மா வா" என்றேன்.

பாதி வழியில் ஆர்லோவுக்கு வழக்கம்போல வந்துவிட்டது. அவனைப் பாறைக்குப் பின்னால் நிறுத்திக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது டல்லி முன்னால் ஓடி மரம் வரை போய்விட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம்தான். இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"நோலி, நோலி, வாரிக் இருக்காருல்ல, அவரு மரத்துக்கு..."

"டல்லி!" என்றேன். ஒரு கையில் ஆர்லோவின் ஈரக் கால்சட்டை, இன்னொரு கையில் சரிவில் உருளப்பார்க்கும் தள்ளுவண்டி. "காலையிலேர்ந்து இது ஏழாவது. யாரு என்ன பண்ணாங்கன்னு நான் கேட்டேனா? போட்டுக்கொடுக்கிறவளோட யாரு வெளையாடுவாங்க?"

"இல்ல நோலி, நான்..."

"வாய மூடு."

மூடிக்கொண்டாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

கொஞ்சம் தூரம் போனதும் வாரிக்கே எதிரில் வந்தார். கையில் துளைபோடும் இயந்திரம், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வெள்ளைக் காலுறை, முடி கலையவில்லை.

"காலங்காத்தால வேலையா?" என்று கேட்டேன்.

"ஆமா நோலீன், படகு கட்டுற மேடையில பலகை ஆடுது. முடுக்கிட்டு வர்றேன். பிள்ளைங்க யாராவது விழுந்துடப்போறாங்கன்னு பயந்தான்."

"நல்ல மனசு" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மரத்தடியில் வேருக்கிடையில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. புதுசு, மஞ்சள் நிறம், ஏதோ ஈரம். பிள்ளைகள் அதை வைத்துப் பிறந்தநாள் கேக் செய்தார்கள். ஆர்லோ ஒரு பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேடையிலிருந்து காற்றில் வந்திருக்கும் என்று நினைத்தேன். மேடை எழுபது அடி தள்ளி இருக்கிறது என்பதும் அன்று காற்றே இல்லை என்பதும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வீட்டுக்காரர் கையில் இயந்திரத்தோடு நடந்தால் வீட்டைச் சரிசெய்கிறார் என்றுதான் புத்தி போகிறது. அதே இயந்திரத்தோடு ஒரு குடிகாரனோ பள்ளிக்கூடத்துப் பையனோ நடந்திருந்தால் நானே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அதற்கப்புறம் இலை கொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு பக்கம் மட்டும், பாலத்தைப் பார்த்த பக்கம். மழை இல்லாத வருஷம், அதனால்தான் என்று பாதையில் நடக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், சருகில் புரண்டார்கள். எனக்குத் தலைக்கு மேல் வானம் ஓட்டை ஓட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. தர்பூசணியை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தோம். நவம்பர் முதல் வாரம், மேவின் காலில் வெயில் படாமல் உட்கார ஒரு இடமும் கிடைக்கவில்லை.

அன்றுதான் டல்லி வேருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"ஊசி போட்ட எடம்."

குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. அதைப் பழுப்புக் களிமண்ணால் அடைத்து, மேலே பட்டையின் நிறத்துக்கு ஏற்றபடி யாரோ தேய்த்துவிட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்து அடைப்பு சுருங்கி விளிம்பு தெரிந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. வேரைச் சுற்றிவந்தேன். எல்லா வேரிலும் இருந்தது. சமையலறையில், பேருந்தில், ஜெயிலில்.

"யாரு ஊசி போட்டாங்க டல்லி?"

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு. நோலி திட்டமாட்டேன்."

"வாரிக்" என்றாள். "மரத்துக்குக் காய்ச்சல்னு ஊசி போட்டாரு. மருந்தும் ஊத்தினாரு. நான் அன்னிக்கு போட்டுக்கொடுக்க வரல நோலி. பாவம் மரம், அவரு நல்லவருன்னு சொல்லத்தான் வந்தேன்."

 அன்றைய மரத்தூளும் அந்த ஈரமும் ஆர்லோவின் சட்டைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அன்று சாயங்காலம் அவன் உள்ளங்கை சிவந்திருந்ததை வெயில் களிம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பாலத்தின் இன்னொரு பாதி வேண்டும் என்பதற்காக மூன்று வயதுக் குழந்தை விளையாடுகிற மண்ணில் விஷத்தை ஊற்றிவிட்டு, அதே மூச்சில் பிள்ளைகள் விழுந்துவிடுவார்களோ என்று பயப்படுகிற ஆள்! தள்ளுவண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு படகுக்கும் கையாட்டவில்லை.

ஆர்லோவின் அம்மாவுக்குத்தான் முதல் தொலைபேசி. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் காட்டினாள். ஒன்றுமில்லை என்றார். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவில்லை. அடுத்து நகராட்சிக் கவுன்சிலுக்குப் போட்டேன். இங்கேதான் என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மரத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னேன், எத்தனை என்று சொன்னேன். யாராவது பார்த்தீர்களா என்று அந்தப் பக்கத்தில் கேட்டபோது "தெரியல" என்றேன். நாலரை வயதுக் குழந்தை சொன்னதை வைத்து எப்படி ஒரு பெயரைச் சொல்வது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நாக்கு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, போட்டுக்கொடுத்தவள் என்ற பேருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் கவுன்சில் கடிதம். மரத்துக்கு வேண்டுமென்றே விஷம் வைக்கப்பட்டிருக்கிறது. செய்தவர் யார் என்று தெரியாததால், மரத்தைக் கொன்று திறந்த காட்சி யாருக்கும் லாபமாகாதபடி, அந்த இடத்தில் வேறு மரம் வளர்ந்து பெரிதாகும் வரை, அதே உயரத்துக்கு ஒரு பெரிய பலகை நிறுத்தப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மரத்தடிக்கு வரலாம்.

மரம் வாடிய ஆறு வாரத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பலகை என்றதும் இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். நாய்களோடு, காபிக் கோப்பைகளோடு, ஒருத்தர் புகைப்படம் பெரிதாக அச்சடித்துக்கொண்டு. நானும் பிள்ளைகளோடு போனேன். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, பத்து மணி எங்கள் தீனி நேரம்.

கவுன்சிலிலிருந்து வந்தவள் பெட்ரா வுகோவிச். மரங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. காலில் சேற்றுப் பூட்ஸ், கையில் ஒரு அட்டையில் செருகிய தாள். "மொத்தம் பதினாலு ஓட்டை" என்று ஆரம்பித்தாள். ஓட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகை எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் பார்த்திருக்கும், வீட்டு மதிப்பு குறைந்தால் யார் பொறுப்பு என்றுதான் கேள்வி.

வாரிக் எல்லாருக்கும் முன்னால் நின்றார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம்.

"மரம் போச்சேன்னு எல்லாரையும்விட எனக்குத்தான் வருத்தம். தெனம் பாத்த மரம்" என்றார். "ஆனா இந்தத் துறைமுகம் எல்லாருக்கும் சொந்தம். எவனோ ஒருத்தன் பண்ணினதுக்கு அத்தனை பேர் பார்வையையும் மறைக்க கவுன்சிலுக்கு என்ன உரிமை?"

கை தட்டினார்கள். நிஜமாகவே கை தட்டினார்கள். 

அவர் என் பக்கம் திரும்பினார். "அதோட நம்ம நோலீனை நெனச்சுப் பாருங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு நெழல் வேணும். பலகை வெச்சா நெழல் வந்துடுமா? ஆக்கபூர்வமா எதாவது செய்வோமே. பலகையே வேணாம், அதுக்குப் பதிலா இங்க நல்லதா ஒரு நிழல்துணிப் பந்தல், இரும்புத் தூண் போட்டு, நானே என் செலவுல போட்டுத் தர்றேன். என்ன நோலீன், சந்தோஷந்தானே?"

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரொம்ப வருஷமாக என் தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுக்கிற டெரியும் அதில் ஒருத்தர். நல்ல மனுஷர். "நல்ல யோசனைதானே நோலீன், ஒத்துக்கோ. எல்லாருக்கும் பிரச்சினை தீந்தது" என்றார்.

பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிஷம் பந்தல் என் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கோடைக்கே நிழல். அனுமதிக்காரப் பெண்மணி மறுபடி வந்தாலும் கையெழுத்து. நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவது மட்டும்தான்.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டாகணும்" என்றாள் பெட்ரா. "இத யாராவது பாத்தீங்களா? எதாவது?"

கடலில் ஒரு படகு போனது. நாய்கள்கூட வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தெரியாதவர்களின் முகம் இல்லை அது. தெரிந்தவர்கள், அல்லது தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒருத்தன் இன்னொருத்தனின் ரொட்டியைப் பிடுங்கியபோது நாங்கள் பழகிய அதே அமைதி. சின்னவர்கள் பெரியவர்களிடம் மாட்டிக்கொள்ளாமலிருக்க உண்டான வழக்கம், இப்போது பாலம் தெரிகிற வீட்டுக்குக் காவல் நின்றது.

டல்லி கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துக்குத் தயாராக நான்தான் பழக்கியிருந்தேன், பேசுமுன் கை தூக்க வேண்டும் என்று.

"நோலி, இப்ப சொன்னா அது போட்டுக்கொடுக்கிறதா?"

"இல்ல. சொல்லு."

"வாரிக் மரத்துக்கு ஊசி போட்டாரு. டர்ர்ர்னு. அப்புறம் வாளியிலேர்ந்து மருந்து ஊத்தினாரு."

யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர். வாரிக்கும் சிரித்தார். அவள் உயரத்துக்கு முட்டி மடித்துக் குனிந்து, தேன் ஒழுகச் சொன்னார்: "செல்லம், நான் அன்னிக்கு மேடையில பலகை முடுக்கினேன். நீ அதப் பாத்திருப்ப. கனவுல வர்றதையும் நெஜத்தையும் சின்னப் பிள்ளைங்க குழப்பிக்கிறது சகஜம். பொய் சொல்றது தப்பு, என்ன?"

அதுவரை அவர் மரத்தைக் கொன்றிருந்தார். எனக்கு அதுவே போதுமான கோபம். ஆனால் குனிந்து, புன்னகைத்து, தன் கண்ணையே அந்தப் பிள்ளை சந்தேகப்படும்படி செய்தாரே, அந்த இடத்தில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன பலகை?" என்றேன்.

"நோலீன்?"

"ஒங்க மேடையில என்ன பலகைன்னு கேக்குறேன். அது கான்கிரீட் மேடை. பதினோரு வருஷமா அது மேல ஒக்காந்து நாங்க நண்டு பாக்குறோம். ஒரு பலகை கெடையாது, ஒரு ஆணி கெடையாது. எத முடுக்கினீங்க?"

இருபத்திரண்டு தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. வெயிலில் சாம்பல் நிறத்தில், ஒரே கல்லாகக் கிடந்தது அது.

"நானும் பாத்தேன்" என்று பெட்ராவிடம் சொன்னேன். "அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை, காலையில எட்டரை மணி. கையில துளைபோடுற மெஷினும் வாளியுமா இந்த மரத்துப் பக்கத்துலேர்ந்து வந்தாரு. எங்கிட்ட பொய் சொன்னாரு, நான் நல்ல மனசுன்னேன். இந்தப் பிள்ளைங்க அவரு கொட்டிட்டுப் போன மரத்தூள்ல கேக் பண்ணிச்சுங்க."

வாரிக் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். சிரிப்பு போய்விட்டது. "மேட், யோசிச்சுப் பேசுங்க" என்றார். எங்கள் ஊரில் நண்பனைக் கூப்பிடுகிற சொல்தான் அது, பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். "பொது நெலத்துல தெனம் தொழில் நடத்துறது நீங்க. அதுக்கு யாரு அனுமதி கொடுத்தாங்கன்னு நானும் நாலு பேருக்கு எழுத முடியும்."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. இப்ப மட்டும் அதுக்குப் பேரு போட்டுக்கொடுக்கிறது இல்லையோ?"

டெரி என் தோளைத் தொட்டார். "வேணாம் நோலீன். ஆயிரந்தான் இருந்தாலும் பக்கத்து வீட்டு ஆளு. இப்படி நாலு பேரு முன்னாடி... நம்ம பழக்கமா இது?"

"டெரி, ஒங்க வீட்டு மாடியிலேர்ந்தும் இப்ப பாலம் தெரியுதுல்ல?" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.  அவரோடு அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது, தள்ளுவண்டிக்கு நானே காற்றடிக்கப் பழகிக்கொண்டேன்.

பெட்ரா தாளை நீட்டினாள். "ஒங்க பேரப் போட்டு, சொன்னத எழுதிக் கையெழுத்து போடுவீங்களா? வேணாம்னாலும் நான் புரிஞ்சுக்குவேன்."

போட்டேன். நின்றபடியே, மேவின் வண்டிக் கூரையில் தாளை வைத்து. பந்தல் அத்தோடு போயிற்று என்று எனக்குத் தெரியும். வாரிக் என்னைப் பற்றி எழுதுவார் என்றும் தெரியும். எழுதினார். அதன் விசாரணை இன்னும் நடக்கிறது. கோடை முழுக்கப் பிள்ளைகளை நூலகத்தின் ஏ.சி. அறையில் அடைத்துவைத்திருக்கிறேன், அடுத்த வருஷம் இந்தத் தொழிலில் இருப்பேனா என்று தெரியாது.

கூட்டம் கலைந்தது. போகும்போது ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரா மட்டும் மரத்தைச் சுற்றி வந்து, ஒரு கத்தியால் பட்டையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை, காபிக் கறை மாதிரி இருந்தது.

"பொழைக்குமா?" என்று கேட்டேன்.

"பிப்ரவரி தாண்டாது. வெட்டித்தான் ஆகணும், கிளை விழுந்தா ஆபத்து." கத்தியை மடித்தாள். "கொடுமை என்னன்னா, ஊத்தின மொத வாரமே தெரிஞ்சிருந்தா எதாவது பண்ணியிருக்கலாம். ஓட்டையக் கழுவி, மண்ண மாத்தி, தண்ணிய விட்டு... பல மரத்தக் காப்பாத்தியிருக்கோம். யாராவது ஒருத்தர் அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் வண்டிக்குப் போய்விட்டாள். நான் தர்பூசணி டப்பாவை மூடினேன், யாரும் சாப்பிடவில்லை. ஆர்லோவின் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டினேன். டல்லி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நோலி."

"என்னடா கண்ணு?"

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேனே."

எனக்கு எத்தனையோ பதில் வாய் வரை வந்தது. நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஊசி என்றுதானே தெரியும், விஷம் வைத்தது அவர்தானே. எல்லாம் உண்மை. எதைச் சொல்லியிருந்தாலும் வாரிக் குனிந்து பேசிய பேச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்திருக்காது.

"ஆமா" என்றேன். "நீ சொல்ல வந்த. நான்தான் வாய மூடுன்னு சொன்னேன். தப்பு என்னோடது."

 அவள் நான் நீட்டிய கையைப் பிடிக்காமல் தள்ளுவண்டியின் அந்தப் பக்கம் போய், வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆர்லோ வழியெல்லாம் வேலிக் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான். வீடு வரை டல்லி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.